வயலினுக்கு உச்சரிப்பில் பூச்சியம்

இந்த விடயம் தொடங்குவதற்கு முன்னர் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் கூறிவிடுதல் முறை. நான் மட்டக்களப்பு நகரின் பழைய கல்லூரியொன்றில் கற்று, பின்னர் அதே கல்லூரியில் கணிதம் கற்பித்து, உப அதிபராக ஓய்வுபெற்றவன். கணிதம் என் தொழில். கர்நாடக சங்கீதம் நான் முறையாகப் பயின்ற இரண்டாவது கல்வி. இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது என்பதனால், பாடசாலைகளுக்கிடையிலான இசைப் போட்டிகளுக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். முப்பது ஆண்டுகள் அழைத்தார்கள். அந்த முப்பது ஆண்டுகளிலும் என் தீர்ப்பின்மீது ஒரு மேன்முறையீடுகூட வந்ததில்லை.

மேன்முறையீட்டுக்கு வழி இல்லாதிருந்தது என்று எவரும் எண்ணவேண்டாம். வழி இருந்தது. அந்த விதியை எழுதியவனும் நானே: முடிவு அறிவிக்கப்பட்டு அரை மணித்தியாலத்துக்குள், எழுத்து மூலம், காரணம் காட்டி, போட்டியாளரோ அவரால் நியமிக்கப்பட்டவரோ நடுவரிடம் நேரில் கையளித்தல் வேண்டும். ஒவ்வொரு போட்டியின் முடிவிலும் அந்த அரை மணித்தியாலத்தை நான் மேசையை விட்டு எழாமல், தேநீர் அருந்திக் கழித்திருக்கிறேன். ஒருவரும் வந்ததில்லை. தேநீர் முடிந்ததும் எழுந்து வீடு திரும்புவேன். என்னுடைய நற்பெயர் இதில்தான் நின்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

கடந்த ஆண்டு என் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அவள் வைத்தியசாலையில் தாதி உத்தியோகத்தர். மணமகன் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த பொறியியலாளர். கோயிலில் நடக்கும் தாலிகட்டுக்கு மேளமும் நாதசுரமும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கல்லடி மண்டபமொன்றில் நடக்கவிருந்த வரவேற்பு வைபவம் இரு வீட்டாருக்கும் பொதுவானது. மண்டபம், உணவு, அழைப்பிதழ் ஆகிய மூன்றும் ஒரே அமர்வில் முடிந்தன. இசை மட்டும் முடியவில்லை.

சம்பந்தியார் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாவிக்கு மேற்கே பெரிய வட்டையில் அவருக்கு வயல் உண்டு. ஒரு வரம்பிலிருந்து நான்காவது வரம்புக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். என் வீட்டு விருந்தறைக்குள்ளும் அவர் அதே தூரத்தைக் கணக்கிட்டே பேசுவார். நல்ல மனிதர். தம் ஊர்ப்பக்கத்து இசைக்குழு ஒன்றை அவர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்தார்.

"அண்ணன், பொடியன உங்கட வீட்டுக்கே தாறம். இனி அவன் கல்லடியான். பாட்டையாவது எங்கட பக்கத்தால தர விடுங்க" என்றார்.

எங்கள் பகுதி வழக்கம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கு மணமகன்தான் மணமகள் வீட்டுக்குக் குடிவருவான். ஆகவே அவர் வாதத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"குழு எப்படியானது?" என்று மட்டும் கேட்டேன்.

"அவங்கட பெட்டி அடிச்சா களுவாஞ்சிக்குடியில வைக்கிறது தேத்தாத்தீவுல கேக்கும்."

தேற்றாத்தீவிலிருந்து வருகிறவர்கள் மண்டபத்துக்கு உள்ளேதான் இருப்பார்கள் என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

அத்தகைய குழுக்களோடு எனக்கு முன் அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வரவேற்பில், கல்லூரியில் என்னோடு கற்பித்த நண்பரின் அருகே அமர நேர்ந்தது. ஒலிபெருக்கிப் பெட்டி எங்கள் தலைக்கு நேர் பின்னால் இருந்தது. அவர் நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. சபையில் முகம் கோணக்கூடாது என்பதற்காக, அவர் நிறுத்திய இடங்களிலெல்லாம் "மிக்க சந்தோசம்" என்று தலையசைத்தேன். அவர் தமக்கு நடந்த சத்திரசிகிச்சையைப் பற்றியும், அது சரிவராமல் மறுபடி வெட்டியதைப் பற்றியும் விபரித்திருந்தார் என்பதை மறுநாள் அறிந்தேன். அவரிடம் நான் மன்னிப்புக் கோருவதற்கு ஒரு தேங்காய்க் குலையும் இரண்டு பயணங்களும் தேவைப்பட்டன.

என் சொந்தத் தெரிவு வீணை. என்னிடம் சங்கீதம் படித்து இன்று இசை ஆசிரியையாக இருக்கும் ஒருவர், மிருதங்கத்தோடு வந்து ஒரு மணித்தியாலம் வாசிக்கச் சம்மதித்திருந்தார். அவர் முன்பொரு வரவேற்பில் வாசித்தபோது அங்கு நிலவிய அமைதியை நான் இன்றும் மெச்சுகிறேன். இருநூறு பேர் பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல இருந்தார்கள். கைகழுவப் போனவர்கூட மெல்ல அடிவைத்து நடந்தார்.

இவ்விடத்தில் மகள் வாய் திறந்தாள்.

"எனக்கும் ஒரு ஆள் இரிக்கு அப்பா. எங்கட அலுமாரி செஞ்ச அங்கிள்."

அந்த அங்கிள் நகரில் இருக்கும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர்; தச்சுவேலை செய்பவர். என் புத்தக அலுமாரி அவர் கைவேலை. கண்ணாடிக் கதவு வைத்தது. தம் இனத்தார் கலியாண வீடுகளில் அவர் வயலின் வாசிப்பார் என்பது எனக்குத் தெரியும். மகளோடு வேலைசெய்யும் ஒருத்தியின் திருமணத்தில் அவள் அதைக் கேட்டிருக்கிறாள். அலுமாரியின் கதவு இத்தனை ஆண்டுகளாக ஒழுங்காக மூடுகிறது என்பதை வைத்து, அவர் வயலினை ஒழுங்காக வாசிப்பார் என்று முடிவுகட்ட முடியாது என்றேன்.

"அத நீங்க கேட்டிட்டுத்தானே சொல்லணும்" என்றாள்.

அது சரியான எதிர்வாதம். மூன்று தரப்பு, மூன்று தெரிவு. நடுநிலையான ஒரு முறை வேண்டும். எனக்குத் தெரிந்த நடுநிலை ஒன்றுதான். மூன்று குழுவினரும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் என் வீட்டுக்கு வந்து ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் வாசிப்பது என்றும், நான் புள்ளியிடுவது என்றும் தீர்மானித்தேன். சம்பந்தியார் உடன்பட்டார். தம் குழு முதலிடம் பெறும் என்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை. மகளும் உடன்பட்டாள்; சற்று விரைவாகவே உடன்பட்டாள் என்பதை அப்போது கவனிக்கத் தவறினேன்.

என் மனைவி மட்டும் உடன்படவில்லை.

"இஞ்ச பாருங்க, கலியாணத்துக்குப் பாட்டுப் பிடிக்கிறயளா, போட்டி நடத்துறயளா? மறுகா கேடயமும் குடுப்பயளோ?"

கேடயம் இல்லை என்று உறுதியளித்தேன்.

காரை வெளியே எடுத்துவிட்டு, கொட்டகையைக் கூட்டிக் கழுவி, அதை மேடையாக்கினோம். எதிரே முன் விறாந்தையில் சாப்பாட்டு மேசையை இட்டு, மணியும் கடிகாரமும் புள்ளித்தாளும் வைத்துக்கொண்டேன். புள்ளித்தாள் நான் போட்டிகளுக்கென்று வகுத்த அதே தாள்: சுருதி, தாளம், உச்சரிப்பு, மேடை ஒழுங்கு, பொருத்தம் என ஐந்து தலைப்புகள், தலைப்புக்கு இருபது புள்ளி. சம்பந்தியாரும் அவர் மனைவியும் களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்து என் மனைவியின் பக்கத்தில் அமர்ந்தனர். சம்பந்தியம்மா இரு காதிலும் கருவி அணிந்தவர்; அமைதியானவர்; எதற்கும் ஒரு புன்னகையால் பதில் சொல்பவர்.

முதலில் வீணை. எல்லோரும் அறிந்த ஒரு கீர்த்தனை. பாட்டு எவரும் பாடவில்லை. வீணையும் மிருதங்கமும் மட்டும். ஆசிரியையின் விரல்கள் ஓடிய அழகைப் பற்றி நான் இங்கு எழுதப்போவதில்லை; அது என் கற்பித்தலைப் பற்றி நானே எழுதுவதாகும். சபை அசையாமல் இருந்தது. மேசையில் வைத்த தேநீரை எவரும் தொடவில்லை. அது ஆடைபடிந்து ஆறியது. சம்பந்தியாரின் தலை மெல்ல முன்னே சாய்ந்தது. அதை ரசனை என்றே கொண்டேன்.

இரண்டாவது இசைக்குழு. "சின்ன செட்டுத்தான் கொண்டு வந்தம், சேர்" என்று சொல்லி, ஒரு வான் நிறையப் பெட்டிகளை இறக்கினார்கள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கீபோர்ட்டுக்குப் பின்னால் நின்றவர் "செக், செக்" என்று இருமுறை சொன்னதற்கே பக்கத்து வளவுத் தென்னைகளில் இருந்த காகங்கள் வாவிப்பக்கம் பறந்தன. பாட்டு தொடங்கியதும் என் அலுமாரிக் கண்ணாடி அதிரத் தொடங்கியது. தம் முறைக்காகக் காத்திருந்த தச்சர் உள்ளே சென்று, பாட்டு முடியும்வரை கண்ணாடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடியவருக்குக் குரல் உண்டு. ஆனால் சொற்கள் பெட்டிக்குள் போய் வேறு உருவில் வெளிவந்தன.

மூன்றாவதாகத் தச்சர் வந்தார். கஞ்சிபோட்ட வெள்ளைச் சட்டை. உடன் அவர் மைத்துனர் ஒரு கிற்றாரோடும், உறவினர் ஒருவர் றபானா என்னும் கைப்பறையோடும் வந்தனர். மூவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியவர்கள். செருகுவதற்கு வயர் ஒன்றும் இல்லை. வயலினை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நின்றபடியே வாசித்தார். பறங்கியர் கலியாண வீட்டில் ஆடுவதற்கென்று வைத்திருக்கும் அந்தத் துள்ளல் நடை. எங்கள் கணக்கில் திஸ்ரம் என்று சொல்லலாம். மேடை ஒழுங்கு என்பது அவர்களிடம் மிகக் குறைவு. வாசித்துக்கொண்டே என் மனைவியைப் பார்த்து, "மிஸிஸ், கதவு இப்ப இறுக்கமா இரிக்கா?" என்று கேட்டார். என் மனைவி "மழைக்குக் கொஞ்சம் இறுகும், மறுகா சரி" என்றாள். வில் நிற்கவில்லை. அதற்காக ஏழு புள்ளி குறைத்தேன்.

அவர்கள் வாசித்த பன்னிரண்டு நிமிடமும் விறாந்தையில் பேச்சு ஓயவில்லை. தேநீர் குடித்தார்கள், வடை எடுத்தார்கள், சிரித்தார்கள். நான் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் தாளத் தலைப்புக்கு நேரே இருபதுக்கு இருபது இட்டிருந்ததைக் கூட்டும்போதுதான் கண்டேன். அதுவரை எவருக்கும் நான் முழுப் புள்ளி இட்டதில்லை. மேசைக்கடியில் என் கைத்தடி தரையைத் தட்டிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கூட்டினேன். வீணை எண்பத்தொன்று. வயலின் அறுபத்தேழு. இசைக்குழு ஐம்பத்துமூன்று. மணியை அடித்து முடிவை அறிவித்து, விதிப்படி எல்லோரும் பார்க்கப் புள்ளித்தாளை மேசையில் விரித்து வைத்தேன். ஆசிரியை எழுந்து வணங்கினார். அவருக்கு மாலையில் வேறு வகுப்பு இருந்தமையால், வீணையைக் காரில் ஏற்றிக்கொண்டு உடனே புறப்பட்டார்.

சம்பந்தியார் என்னருகே வந்து, தமக்கு மெதுவாக என்று படும் குரலில் கேட்டார்: "அண்ணன், எங்கட ஆக்கள் பெயிலா?"

"இல்லை. ஐம்பதுக்கு மேல். சித்தி."

"அப்ப சரி. கடைசி எண்டாலும் பெயில் இல்ல" என்று தம் குழுவினரிடம் போய்ச் சொன்னார். அவர்கள் தலையாட்டிக்கொண்டு பெட்டிகளை ஏற்றினார்கள்.

நான் வழமைபோல மேசையிலேயே இருந்தேன். புதுத் தேநீர் வந்தது. அரை மணித்தியாலம் என்பது விதி. வீட்டுக் கொட்டகை என்பதற்காக விதியைக் குறைக்க முடியாது. தச்சரும் அவர் ஆட்களும் வடையில் ஈடுபட்டிருந்தார்கள். கடிகாரத்தில் இருபத்துநான்கு நிமிடம் ஆனபோது, மகள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். நான்காக மடித்த ஒரு தாளை இரு கையாலும் என் முன்னே வைத்தாள்.

"என்ன இது?"

"வாசிங்க அப்பா."

அவள் கையெழுத்து நன்றாக இருக்கும்; அதை நானே பழக்கினேன். தாளில் இவ்வாறு இருந்தது:

"நடுவர் அவர்களுக்கு. மூன்றாம் தலைப்பாகிய உச்சரிப்பில் வயலின் குழுவுக்குப் பூச்சியம் இடப்பட்டுள்ளது. அவர்கள் பாடவில்லை, ஆகவே இதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் வீணைக் குழுவிலும் எவரும் பாடவில்லை. எனினும் அவர்களுக்கு அதே தலைப்பில் பதினாறு இடப்பட்டுள்ளது. இந்தப் பதினாறும் யாருடைய உச்சரிப்புக்கு வழங்கப்பட்டது என்பதை அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

நான் அதை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை எழுத்துப்பிழை தேடி. இரண்டாம் முறை வாதப்பிழை தேடி. மூன்றாம் முறை எதையும் தேடாமல். பின்னர் புள்ளித்தாளை எடுத்துப் பார்த்தேன். பதினாறு என்றுதான் இருந்தது, என் கையால், தெளிவாக.

நடந்தது இதுதான். அந்தக் கீர்த்தனையின் சொற்கள் முழுவதும் எனக்கு மனப்பாடம். வீணை வாசிக்க வாசிக்க, நான் அவற்றை மனத்துக்குள் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் உரிய இடத்தில் திருத்தமாக விழுந்ததைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். மகிழ்ந்து, புள்ளியும் இட்டிருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், நான் எனக்கே பதினாறு இட்டுக்கொண்டேன். நான்கு ஏன் குறைந்தது என்பதற்கும் விளக்கம் உண்டு: அனுபல்லவியில் ஒரு சொல்லில் எனக்கு நீண்டநாளாக ஐயம்.

முப்பது ஆண்டுகளில் வந்த முதல் மேன்முறையீடு, என் சொந்த வீட்டில், என் சொந்த மகளின் கையால், என் சொந்த விதியின்படி வந்திருந்தது. அதை ஏற்றால் இத்தனை நாள் காத்த பெயர் அன்றோடு முடிந்தது. நான் வழி தேடினேன். வழி விதியிலேயே கிடைத்தது.

"இதை ஏற்க முடியாது. மேன்முறையீடு செய்வதற்குப் போட்டியாளராகவோ அவரால் நியமிக்கப்பட்டவராகவோ இருக்க வேண்டும். நீ இரண்டும் இல்லை."

அவள் திரும்பி, "அங்கிள், என்ன நியமிக்கிறீங்களா?" என்றாள்.

தச்சரின் வாயில் வடை இருந்தது. "ஓம் மகள். என்னத்துக்கு?"

"ஒண்டும் இல்ல, சும்மா. அப்பாவுக்கு."

"சேருக்கெண்டா ரெண்டு தரம் நியமிக்கிறன்" என்றார் அவர். தமக்கு உச்சரிப்பில் பூச்சியம் கிடைத்த செய்தியை மைத்துனர் அவர் காதில் சொன்னபோதும் அவர் கோபிக்கவில்லை. "நான் வாயத் திறக்கவே இல்லையே சேர். திறந்திருந்தா இன்னும் குறைச்சிருப்பீங்க" என்றார்.

கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. மகள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதவாறு பேசினாள்.

"அப்பா, அந்தப் பெட்டி அடிக்கக்குள்ள மாமி என்ன செஞ்சவ எண்டு கண்டீங்களா?"

"இல்லை. நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"காதுல போட்டிரிக்கிற ரெண்டையும் கழட்டிப் பேக்குக்குள்ள போட்டிட்டா. அந்தச் சத்தத்துக்கு அது கீச்செண்டு கத்துமாம். ஒவ்வொரு கலியாணத்துலயும் அவ அப்படித்தான் இரிக்கிறவவாம், கழட்டி வச்சிட்டு, ஆக்களப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு."

"வீணைக்கு அப்படி இல்லையே."

"வீணைக்குப் போட்டிருந்தவ. ஆனா ஒரு சனமும் கதைக்கல்ல, அவ ஆரோட கதைக்கிற? அங்கிள் வாசிக்கக்குள்ள பாத்திருக்கணும் நீங்க. அம்மாவோட வடைக்கு என்ன பருப்புப் போட்ட எண்டதுல இருந்து பேசிக்கொண்டிருந்தவ. அவட மகன்ட கலியாணம் அப்பா. அவ சும்மா சிரிச்சிக்கொண்டு இரிக்கக் கூடாது."

ஐந்தாவது தலைப்பாகிய பொருத்தம் என்பதற்கு நான் எந்தக் காலத்திலும் வரைவிலக்கணம் எழுதியதில்லை. பாடல் சந்தர்ப்பத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். கேட்கிறவர்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்ததில்லை. பாடசாலைப் போட்டிகளில் கேட்பவன் நான் ஒருவனே. எனக்குப் பொருந்தினால் போதுமாக இருந்தது.

பேனாவை எடுத்தேன். உச்சரிப்பு என்ற நிரலை மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வெட்டி, பக்கத்தில் முதலெழுத்து இட்டேன். எவரும் தெளிவாகக் கேட்கும் வார்த்தை பாடாத போட்டியில் அத்தலைப்பு எவருக்கும் இல்லை. இசைக்குழுவின் பாடகருக்கு இட்ட ஒன்பதும் அதோடு போயிற்று. எண்பதுக்குக் கூட்டினேன். வீணை அறுபத்தைந்து. வயலின் அறுபத்தேழு. இசைக்குழு நாற்பத்துநான்கு.

மணியை மறுபடி அடித்தேன். முதல் முடிவில் நடுவரின் பிழை இருந்தது என்றும், திருத்திய முடிவின்படி வயலின் குழு தெரிவாகியிருக்கிறது என்றும் எழுந்து நின்று அறிவித்தேன். இந்த வசனத்தை நான் அதற்குமுன் ஒருபோதும் சொன்னதில்லை. அது எதிர்பார்த்ததைவிடக் குறுகியதாக இருந்தது.

சம்பந்தியார் விரைந்து வந்தார். "எங்கட ஆக்களுக்கு நாப்பத்திநாலா? முந்தி அம்பத்திமூண்டெல்லோ?"

"அது நூற்றுக்கு. இது எண்பதுக்கு. எண்பதுக்கு நாற்பத்துநான்கு என்றால் நூற்றுக்கு ஐம்பத்தைந்து. முன்னையதைவிட இரண்டு கூட."

அவர் விரலில் கணக்கிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வானைப் படலையடியில் நிறுத்தி, "ரெண்டு கூட்டியிரிக்கார்" என்று கத்தினார். இசைக்குழுவினர் எனக்குக் கைகூப்பிவிட்டுச் சென்றார்கள். ஆனால் தச்சரின் வயலினைப் பார்த்து, "பெட்டி இல்லாம, வயர் இல்லாம, இது ஒரு கலியாணமா அண்ணன்?" என்று சம்பந்தியார் கவலைப்பட்டார். அப்போது சம்பந்தியம்மா அவரது சட்டையின் கையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்குக் கேட்டது" என்றார். அன்று அவர் சொல்லி நான் கேட்ட வசனம் அது ஒன்றுதான். சம்பந்தியார் அதன்பின் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

மிச்சம் இருந்தது ஆசிரியைக்குச் சொல்வது. குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்றாள் மனைவி. என் பிழையை நான் என் வாயால் சொல்வதே முறை என்று தொலைபேசியில் அழைத்தேன். பாடாத வீணைக்கு உச்சரிப்பில் பதினாறு இட்டதை, சுற்றிவளைக்காமல் சொன்னேன். மறுமுனையில் அவர் சிரித்தார்.

"நானும் அங்கேயே யோசிச்சன் சேர், பாடாமக் கிடந்ததுக்கு என்னெண்டு பதினாறு வந்த எண்டு."

"அப்படியானால் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க போட்டா அதுல ஏதும் காரணம் இரிக்கும் எண்டு விட்டிட்டன். சின்ன வயசுல இருந்து அப்படித்தானே."

நான் நன்றி கூறித் தொலைபேசியை வைத்தேன். முப்பது ஆண்டுகள், அரை மணித்தியாலம் அரை மணித்தியாலமாக, ஒருவரும் வராத அந்த மேசைகள் சில என் நினைவுக்கு வந்தன. தீர்ப்பு சரியாக இருந்ததனால் வரவில்லையா, தீர்ப்பு என்னுடையதாக இருந்ததனால் வரவில்லையா என்று கேட்டுக்கொண்டேன். பழைய புள்ளித்தாள்கள் பெட்டியில் இருக்கின்றன. நான் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தாலும் அரை மணித்தியாலம் எப்போதோ கடந்துவிட்டது.

வரவேற்பு நன்றாக நடந்தது. தச்சர் அன்று கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார். உணவுக்கு முன் மெதுவான இசை, உணவின்போது அதனிலும் மெதுவானது, அதன்பின் துள்ளல். இந்த வரிசை நான் சொல்லிக்கொடுத்ததல்ல, அவருக்கே தெரிந்திருந்தது. மண்டபம் முழுவதும் சனம் கதைத்தது. ஒரு மேசையில் வயல் விலை, இன்னொரு மேசையில் வைத்தியசாலைக் கதை. என் பழைய நண்பரும் வந்திருந்தார். தம் சத்திரசிகிச்சையை முதலிலிருந்து மறுபடி விபரித்தார். இம்முறை உரிய இடங்களில் உரிய வருத்தத்தைத் தெரிவித்தேன். வீணை ஆசிரியை விருந்தாளியாக வந்து, றபானாக்காரரின் அருகே போய் நின்று, அந்த நடையை விரலில் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துள்ளல் தொடங்கியதும் முதலில் எழுந்தவர் சம்பந்தியார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயலுக்குள் இறங்குகிறவர்போல நடுமண்டபத்துக்கு இறங்கினார். மகளும் மருமகனும் இறங்கினார்கள். களுவாஞ்சிக்குடிப் பெண்கள் எல்லோரும் அவர்களைச் சுற்றி நின்றார்கள். அப்போது எவரும் எதிர்பாராமல் சம்பந்தியம்மா குரவையிட்டார். நெடிய, உடையாத குரவை. தச்சர் அதைக் கேட்டு, வில்லை உயர்த்தி, அது முடியும்வரை காத்திருந்து, முடிந்த இடத்திலிருந்து தொடங்கினார். பெண்கள் மறுபடி குரவையிட்டார்கள்; அவர் மறுபடி காத்திருந்தார். அவருடைய மேடை ஒழுங்குக்கு நான் இட்ட பதின்மூன்று குறைவு என்று அப்போது பட்டது. ஆயினும் தாள் மூடப்பட்டுவிட்டது; அதைத் திருத்துவதற்கு எவரும் மேன்முறையிடவில்லை.

இனி, இதைப் பற்றி வெளியே உலவும் கதைகள். களுவாஞ்சிக்குடிப் பக்கம் சொல்கிறார்கள், நான் சம்பந்தியாரோடு கைகோர்த்து ஆடினேன் என்று. சிலரின் கைத்தொலைபேசியில் காணொளியும் இருக்கிறதாம். அதை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஆடுவது என் மைத்துனர். அவரும் நானும் ஒரே துணியில் சட்டை தைத்திருந்தோம். நான் முன்வரிசையில் கதிரையில் இருந்தேன். என் கைத்தடி தாளம் போட்டது. அதை நான் தடுக்கவில்லை.

கல்லடிப் பக்கம் சொல்வது வேறு. மகள் அழுதாள் என்றும், அதைப் பொறுக்காமல் நான் தீர்ப்பை மாற்றினேன் என்றும் சொல்கிறார்கள். என்னுடன் படித்தவர்களே இதை அன்போடு சொல்லி, தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதினேன். மகள் அழவில்லை. நான் இரங்கவும் இல்லை. ஒரு மேன்முறையீடு வந்தது. அது சரியாக இருந்தது.